கட்டடத் தன்னியக்க நெறிமுறைகளின் பாதுகாப்பு: பேக்நெட், கே.என்.எக்ஸ். – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பெரிய கட்டடங்களின் குளிரூட்டல், காற்றோட்டம், விளக்கு, கதவு ஆகியவற்றை ஒரே திரையில் வைத்து நடத்தும் பி.எம்.எஸ். எனப்படும் கட்டட மேலாண்மை அமைப்பின் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் நெறிமுறைகளே இக்கட்டுரையின் பொருள். பேக்நெட், கே.என்.எக்ஸ். இரண்டும் முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கேட்பவர் யார் என்று பாராமல் ஆணையை நிறைவேற்றும் இயல்பு இவற்றின் பிறப்பிலேயே உள்ளது என்பது முதல் முடிபு. பின்னாளில் வந்த குறியாக்க விரிவாக்கங்கள் அக்குறையை வெவ்வேறு அளவில் தீர்த்தாலும், சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதைக் கட்டட நிர்வாகத்திடமே விட்டுவிடுகின்றன என்பது இரண்டாவது.

1. ஆய்வின் எல்லை

கட்டடத் தன்னியக்கம் என்றதும் வீட்டு விளக்கைக் கைபேசியால் அணைப்பதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். அது இங்கே பேசுபொருளன்று. மருத்துவமனை, விமான நிலையம், அலுவலக வளாகம், நட்சத்திர விடுதி போன்ற இடங்களில் நீரைக் குளிர்விக்கும் சில்லர், காற்றைப் பதப்படுத்தி அனுப்பும் ஏ.எச்.யு., பம்பு, காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டேம்பர், விளக்குச் சுற்று ஆகியவற்றை இணைக்கும் வலையமைப்பே இங்கு ஆராயப்படுகிறது. கேள்விகள் மூன்று:

(அ) இந்நெறிமுறைகள் ஏன் காவலின்றிப் பிறந்தன?
(ஆ) அந்தக் காவலின்மையை ஒருவர் எவ்வெவ்வழிகளில் பயன்படுத்த முடியும்? நடைமுறையில் எவை நிகழ்ந்துள்ளன?
(இ) பேக்நெட்/எஸ்.சி., கே.என்.எக்ஸ். செக்யூர் ஆகிய புதிய வடிவங்கள் எவற்றைத் தீர்க்கின்றன, எவற்றை மிச்சம் வைக்கின்றன?

2. அமைப்பின் மூன்று அடுக்குகள்

இத்துறையின் நூல்கள் கட்டடத் தன்னியக்கத்தை மூன்று அடுக்குகளாகப் பிரிக்கும். கீழ் அடுக்கில் வெப்பநிலை சென்சார், டேம்பர் மோட்டார், விசிறியின் வேகத்தை மாற்றும் டிரைவ் ஆகியவை உள்ளன. நடு அடுக்கில் டி.டி.சி. எனப்படும் கன்ட்ரோலர்கள் சென்சார் சொல்வதைக் கேட்டு மோட்டாருக்கு ஆணையிடுகின்றன. மேல் அடுக்கில் சர்வரும் ஆபரேட்டரின் திரையும் உள்ளன. கீழ் அடுக்குகளில் ஆர்.எஸ்.-485 போன்ற இரட்டை முறுக்குக் கம்பிகளும், மேலே ஐ.பி. வலையமைப்பும் ஓடுகின்றன.

அலுவலகக் கணினி வலையமைப்பிலிருந்து இது இரண்டு வகையில் மாறுபடுகிறது. முதலாவது ஆயுள். அலுவலகக் கணினியைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடுவார்கள். கூரைப் பலகைக்கு மேலே பொருத்திய கன்ட்ரோலர் பழுதாகும்வரை அங்கேயே இருக்கும், இருபது ஆண்டுகள் கடந்தும் ஓடும். இரண்டாவது விளைவு. அலுவலகக் கணினியைத் தாக்கினால் தகவல் போகும். கட்டட வலையமைப்பைத் தாக்கினால் காற்றும் நீரும் வெப்பமும் மாறும். தொற்றுநோயாளியின் தனியறையில் காற்றழுத்தம் தாழ்வாரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் அறைக் காற்று வெளியே கசியாது. அந்த அழுத்த வேறுபாட்டைக் காப்பது ஒரு கன்ட்ரோலரும் இரண்டு விசிறிகளும்தான். ஆகவே இங்கே இரகசியத்தைக் காப்பதைவிட, ஆணை மாறாமலும் இயக்கம் நிற்காமலும் காப்பதே முதல் கடமை.

3. நெறிமுறைகள் பிறந்த சூழல்

3.1 பேக்நெட்

1980-களில் ஒவ்வொரு உற்பத்தியாளரின் கன்ட்ரோலரும் தனி மொழி பேசியது. ஒரு நிறுவனத்தின் கருவியை வாங்கிய கட்டட உரிமையாளர், விரிவாக்கத்துக்கும் பழுதுக்கும் அதே நிறுவனத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும். இந்தப் பிடியிலிருந்து விடுபட அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே ஒரு குழுவை அமைத்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் நியூமன் தலைமையில் அக்குழு 1987-இல் நாஷ்வில் நகரில் முதன்முதலாகக் கூடியது. அதன் உழைப்பு 1995-இல் ‘தரநிலை 135’ என வெளிவந்தது, 2003-இல் ஐ.எஸ்.ஓ. 16484-5 என உலகத் தரநிலையானது.

பேக்நெட்டின் அடிப்படை எளிது. கட்டடத்தில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு ‘பொருள்’. ஒவ்வொரு பொருளுக்கும் ‘பண்புகள்’ உண்டு. அப்பண்புகளைப் படிக்கவும் எழுதவும் ‘சேவைகள்’ உண்டு. எந்த நிறுவனத்தின் திரையும் எந்த நிறுவனத்தின் கருவியையும் படிக்கவும் மாற்றவும் முடிய வேண்டும் என்பதே குழுவின் இலக்கு. அந்த இலக்கில் அது முழுமையாக வென்றது. இன்றைய பாதுகாப்புச் சிக்கலும் அந்த வெற்றியில்தான் தொடங்குகிறது.

1995-இன் தரநிலையில் பாதுகாப்புக்கு ஓர் அதிகாரம் இல்லாமலில்லை. 56 பிட் சாவி கொண்ட டி.இ.எஸ். குறியாக்கத்தை அது நம்பியிருந்தது. 1998-இல் அமெரிக்காவின் மின்னணு எல்லை அறக்கட்டளை தானே கட்டிய ஓர் எந்திரத்தைக் கொண்டு டி.இ.எஸ். சாவியொன்றை 56 மணி நேரத்தில் கண்டுபிடித்துக் காட்டியது. பின்னர் ஏ.இ.எஸ். குறியாக்கத்துடன் அந்த அதிகாரம் திருத்தி எழுதப்பட்டது. ஆனால் அதை ஏற்ற கருவிகள் சந்தையில் அரிதாகவே வந்தன. இறுதியில் தரநிலையிலிருந்தே அது நீக்கப்பட்டது. உரிமையாளர் கேட்கவில்லை, உற்பத்தியாளர் செய்யவில்லை.

1999-இல் சேர்ந்த பேக்நெட்/ஐ.பி. நிலைமையை அடியோடு மாற்றியது. முறுக்குக் கம்பியில் ஆணை அனுப்ப வேண்டுமானால் ஆள் கட்டடத்துக்குள் நுழைந்து கம்பியைத் தொட வேண்டும். யு.டி.பி. போர்ட் 47808 வழியாக அனுப்ப அந்தத் தேவை இல்லை. கம்பியின் மேல் வைத்திருந்த நம்பிக்கை, கம்பி போன பின்பும் நெறிமுறையில் அப்படியே தங்கிவிட்டது. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2003-இலேயே பேக்நெட்டின் பரந்த வலையமைப்பு அச்சுறுத்தல்களை மதிப்பிட்டுத் தனி அறிக்கை வெளியிட்டது. எச்சரிக்கை தாமதமாக வந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

3.2 கே.என்.எக்ஸ்.

ஐரோப்பாவில் பாட்டிபஸ், ஈ.ஐ.பி., ஈ.எச்.எஸ். என்ற மூன்று மரபுகளின் அமைப்புகள் 1999-இல் பிரஸ்ஸல்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒன்றிணைந்தன. அதிலிருந்து பிறந்தது கே.என்.எக்ஸ்.; 2006-இல் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 14543-3 ஆயிற்று. இரட்டைக் கம்பியில் நொடிக்கு 9600 பிட் வேகம். சுவரிலுள்ள பொத்தானை அழுத்தினால், அது ஒரு ‘குழு முகவரி’க்குத் தந்தி போன்ற சிறு செய்தியை அனுப்பும், அக்குழுவில் சேர்க்கப்பட்ட எல்லா விளக்குகளும் அதை ஏற்கும். அனுப்பியது உண்மையான பொத்தானா என்று எந்த விளக்கும் கேட்பதில்லை. ஐ.பி. வழியாகப் பேசும்போது போர்ட் 3671, கூட்டு முகவரி 224.0.23.12.

3.3 பிற நெறிமுறைகள்

1979-இல் மோடிகான் நிறுவனம் உருவாக்கிய மோட்பஸ், மின்மானிகளிலும் சில்லர்களிலும் இன்றும் பரவலாக உள்ளது. அதில் அடையாளச் சரிபார்ப்பே கிடையாது. எஷலான் நிறுவனத்தின் லான்டாக் நெறிமுறையில் அனுப்புநரைச் சரிபார்க்க ஒரு முறை உண்டு. அதன் சாவி 48 பிட் மட்டுமே, செய்தியை அது மறைப்பதுமில்லை.

4. தாக்குதல் வகைப்பாடு

4.1 உளவு

பேக்நெட்டில் ‘யார் அங்கே?’ என்ற பொருள்தரும் ஒலிபரப்புச் சேவை ஒன்று உண்டு. அதைக் கேட்ட ஒவ்வொரு கருவியும் ‘நான்தான்’ என்று தன் எண்ணையும் உற்பத்தியாளர் எண்ணையும் சொல்லும். பிறகு ஒவ்வொரு கருவியிடமும் அதன் பொருள் பட்டியலைக் கேட்டால் முழுதாகத் தந்துவிடும். பராமரிப்பவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, தளத்தின் எண், இயந்திரத்தின் பெயர், அது சப்ளை விசிறியா ரிட்டர்ன் விசிறியா என்பதெல்லாம் பெயர்களிலேயே எழுதப்பட்டிருக்கும். கட்டடத்தின் வரைபடத்தைத் திருட வேண்டிய அவசியமே தாக்குபவருக்கு இல்லை. கேட்டால் கட்டடமே சொல்லும்.

4.2 பொய்யாணை

ஒரு விசிறியை நிறுத்தும் பேக்நெட்/ஐ.பி. செய்தி எப்படி இருக்கும் என்று நெருங்கிப் பார்ப்போம். மொத்தம் 23 பைட். முதல் நான்கு பைட் ஐ.பி. உறை: 129 என்ற எண் ‘இது பேக்நெட்/ஐ.பி.’ என்கிறது, 10 ‘ஒரே கருவிக்கானது’ என்கிறது, மீதி இரண்டு பைட் நீளத்தைச் சொல்கின்றன. அடுத்த இரண்டு பைட் வலையமைப்பு அடுக்குக்கு உரியவை. எஞ்சிய 17 பைட்டில்தான் ஆணை இருக்கிறது. சேவை எண் 15, அதாவது ‘பண்பை எழுது’. பொருள் வகை 4, இருநிலை வெளியீடு, அதில் 1-ஆவது. பண்பு எண் 85, ‘நடப்பு மதிப்பு’. எழுத வேண்டிய மதிப்பு 0, ‘நிறுத்து’. முன்னுரிமை 8. இந்த 23 பைட்டில் பயனர் பெயருக்கோ கடவுச்சொல்லுக்கோ கையொப்பத்துக்கோ இடமே ஒதுக்கப்படவில்லை. ஆகவே கருவி எதையும் சரிபார்க்க மறந்துவிடவில்லை. சரிபார்க்க அதன் கையில் எதுவும் தரப்படவில்லை.

முன்னுரிமை எண்தான் இதில் கூர்மையான இடம். இயக்கத்தக்க ஒவ்வொரு பேக்நெட் பொருளிலும் 16 முன்னுரிமைப் படிகள் உண்டு. படி 1, மனிதர் கையால் இடும் உயிர்காப்பு ஆணை. படி 2, தானியங்கி உயிர்காப்பு ஆணை. படி 5, முக்கிய இயந்திரக் காப்பு. படி 8, ஆபரேட்டரின் கை ஆணை. காலியாக இல்லாத படிகளில் எண் சிறியது எதுவோ அதன் மதிப்பே செல்லும். வழக்கமான நேர அட்டவணை 16-ஆம் படியில் எழுதுகிறது என்று கொள்வோம். தாக்குபவர் படி 8-இல் எழுதினால் அட்டவணை தோற்கும். அவர் படி 1-இல் எழுதினால், ஆபரேட்டர் திரையில் எத்தனை முறை ‘ஓடு’ என்று அழுத்தினாலும் விசிறி ஓடாது. தீ விபத்தின்போது புகையை வெளியேற்ற வைத்த ஒழுங்கையே புகையை அடைத்துவைக்கவும் பயன்படுத்தலாம். படி 1-இல் எழுதுபவர் உண்மையிலேயே உயிர்காப்புப் பலகையா என்று கேட்க நெறிமுறையில் வழியில்லை.

4.3 ஒலிபரப்பின் நுழைவாயில்

ஐ.பி. ரூட்டர்கள் ஒலிபரப்புச் செய்திகளை மறுபக்கம் விடுவதில்லை. ஆகவே பேக்நெட் தன் ஒலிபரப்புகளைக் கடத்த பி.பி.எம்.டி. என்ற கருவியை வைத்தது. வெளியிலிருந்து ஒரு மடிக்கணினி அதனிடம் ‘என்னை அயல் கருவியாகப் பதிவு செய்’ என்று கேட்டால், குறித்த நேரத்துக்குப் பதிவு செய்துகொண்டு கட்டடத்தின் ஒலிபரப்புகளை அதற்கும் அனுப்பும். பராமரிப்பு ஒப்பந்ததாரரின் வசதிக்காக வந்த சேவை இது. பழைய வடிவில் பதிவு கேட்பவரைச் சோதிக்கும் படி இதில் இல்லை. சிறு கேள்விக்குப் பெரிய பதில் தரும் இயல்பும் இங்கே சேர்ந்துகொள்வதால், இணையத்தில் திறந்து கிடக்கும் பேக்நெட் கருவிகளைக் கொண்டு மூன்றாம் நபர்மீது செய்தி வெள்ளத்தைத் திருப்பிவிடலாம் என்பதையும் ஆய்வாளர்கள் அளந்து காட்டியுள்ளனர்.

4.4 நிர்வாகச் சேவைகளும் பூட்டும்

ஒரு கருவியை ‘மறுதொடக்கம் செய்’ என்றும் ‘பேசாதே’ என்றும் ஆணையிடும் சேவைகள் பேக்நெட்டில் உள்ளன. இவற்றுக்கு அதிகபட்சம் 20 எழுத்துக் கடவுச்சொல் வைக்கலாம். ஆனால் அது வெளிப்படையாகவே கம்பியில் போகும். கே.என்.எக்ஸ். மரபில், கருவியின் அமைப்பை யாரும் மாற்றாதிருக்க பி.சி.யு. சாவி என்ற 32 பிட் எண் உண்டு. உரிமையாளர் அதை வைக்காமல் விட்டால், முதலில் வருபவர் வைத்துவிடலாம். அதன் விளைவை 5.3-இல் காணலாம்.

4.5 மறைவழி

வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கிரான்சர், காஸ்ட்னர் ஆகியோர் கட்டடத் தன்னியக்கப் பாதுகாப்பை முறையான ஆய்வுத் துறையாக வளர்த்தனர். ஜெர்மனியின் ஸ்டெஃபன் வெண்ட்செல், பேக்நெட் செய்திகளில் இரகசியத் தகவலை ஒளித்துக் கடத்தும் வழிகளை ஆராய்ந்தார். 2017-இல் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குளிர்சாதனத்தை ஏற்றி இறக்கி உண்டாக்கும் வெப்ப மாற்றத்தால், இணையத்தோடு தொடர்பே இல்லாத கணினிக்கு ஆணை அனுப்ப முடியும் என்று செய்து காட்டினர். நடைமுறையில் இவை அரிது. முதல் நான்கு வகைகளுக்கே காவல் இல்லாத இடத்தில் ஐந்தாவதைப் பற்றிக் கவலைப்படுவது வீண்.

5. நிகழ்ந்தவை

5.1 சிட்னி, 2013

சிட்னியின் பிர்மாண்ட் பகுதியில், ‘வார்ஃப் 7’ கட்டடத்திலிருந்த கூகுள் அலுவலகத்தின் கட்டட மேலாண்மை அமைப்பு இணையத்தில் தெரிந்தது. பில்லி ரியோஸ், டெரி மெக்கார்க்கிள் என்ற இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதற்குள் நுழைந்து, தள வரைபடங்களும் எச்சரிக்கைப் பலகையும் தங்கள் திரையில் தெரியும் நிலைக்குச் சென்றனர். அமைப்பு ட்ரிடியம் நிறுவனத்தின் நயாகரா. அதன் ஓட்டை முன்பே அறியப்பட்டது, திருத்தமும் வெளிவந்திருந்தது. இந்த இடத்தில் நிறுவப்படவில்லை. ஆய்வாளர்கள் கூகுளுக்குத் தெரிவிக்க, அமைப்பு இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. கணினிப் பாதுகாப்பில் உலகின் முன்வரிசை நிறுவனம் குடியிருந்தாலும், கட்டடத்தின் கம்பிகள் வேறு கணக்கில் கிடக்கும் என்பதை இது காட்டியது.

5.2 ஷென்ஜென், 2014

சீனாவின் ஷென்ஜென் நகரில் செயின்ட் ரீஜிஸ் விடுதி, விளக்கு, திரைச்சீலை, வெப்பநிலை, தொலைக்காட்சி ஆகியவற்றை இயக்க ஒவ்வொரு அறையிலும் ஓர் ஐபேட் வைத்திருந்தது. அங்கே தங்கிய ஹெசூஸ் மொலினா என்ற ஆய்வாளர், அந்த ஐபேட் விருந்தினர் வை-ஃபையிலேயே கே.என்.எக்ஸ்./ஐ.பி. செய்திகளை அனுப்புவதைக் கவனித்தார். குழு முகவரிகள் அறை எண்ணோடு ஓர் ஒழுங்கில் ஓடின. அந்த ஒழுங்கை உறுதிசெய்ய அவர் விடுதியில் அறை மாற்றிக்கொண்டே போனார். எந்த அறையின் விளக்கையும் எங்கிருந்தும் அணைக்கலாம் என்ற நிலை புலப்பட்டது. விடுதிக்குத் தெரிவித்துவிட்டு, அவ்வாண்டு பிளாக் ஹேட் மாநாட்டில் இதை விளக்கினார். இங்கே எந்தக் குறியாக்கமும் உடைக்கப்படவில்லை. உடைக்க அங்கே எதுவும் இருக்கவில்லை.

5.3 ஜெர்மனி, 2021

இதுவரை நடந்தவற்றுள் நெறிமுறை ஆய்வாளருக்கு மிக முக்கியமானது இதுதான். ஜெர்மனியில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் விளக்குப் பொத்தான், நடமாட்ட உணரி, திரைச்சீலைக் கன்ட்ரோலர் எனப் பல நூறு கே.என்.எக்ஸ். கருவிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஒரே தாக்குதலில் செயலிழந்தது. இணையத்தில் காவலின்றித் திறந்திருந்த யு.டி.பி. போர்ட் வழியாக நுழைந்தவர்கள், கருவிகளின் அமைப்பை அழித்துவிட்டு, தங்களுக்கு மட்டுமே தெரிந்த பி.சி.யு. சாவியால் பூட்டிவிட்டுப் போனார்கள். சாவி தெரியாமல் அக்கருவிகளை மீண்டும் அமைக்க முடியாது. கட்டட விளக்குகளை மின்பலகையில் கையால் போட்டு அணைக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்திரியாவின் லைம்ஸ் செக்யூரிட்டி நிறுவனத்தினர் சில கருவிகளின் நினைவகத்தைப் படித்து, சாவி இருக்கக்கூடிய பகுதியைச் சுருக்கித் தேடிக் கண்டெடுத்தனர். கருவிகள் மீண்டன. 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா இந்தப் பலவீனத்துக்கு சி.வி.இ.-2023-4346 என்ற எண்ணுடன் எச்சரிக்கை வெளியிட்டது. பாதுகாப்புக்கென வைத்த பூட்டு, உரிமையாளர் பயன்படுத்தாத காரணத்தால் தாக்குபவரின் கருவியானது என்பதே இதன் சாரம்.

5.4 நெறிமுறைக்கு வெளியே நடந்தவை

எல்லாப் பழியையும் நெறிமுறைமேல் போடுவதும் பிழை. 2009-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், ஒரு மருத்துவ நிலையத்தின் இரவுக் காவலரே குளிர்சாதனக் கணினியில் தீநிரலை ஏற்றினார். 2011-இல் அவருக்கு 9 ஆண்டு 2 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2016 நவம்பரில் பின்லாந்தின் லப்பீன்ரன்தா நகரில், செய்தி வெள்ளத் தாக்குதலில் சிக்கிய இரண்டு குடியிருப்புக் கட்டடங்களின் கன்ட்ரோலர்கள் ஓயாமல் மறுதொடக்கம் செய்துகொண்டிருந்தன. உறைபனிக் காலத்தில் வெப்ப வினியோகம் நின்றது. 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி அட்டை விவரங்கள் திருடப்பட்டதைக் கட்டடத் தன்னியக்கத் தாக்குதல் என்று பல கட்டுரைகள் எழுதுகின்றன. அது சரியன்று. குளிர்சாதன ஒப்பந்ததாரர் ஒருவரின் கடவுச்சொல் களவாடப்பட்டு, அதன் வழியே நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நுழைந்தனர். குளிர்சாதன நெறிமுறை எதுவும் தொடப்படவில்லை. ஒப்பந்ததாரரின் நுழைவுரிமையை யார் கண்காணிப்பது என்பதே அங்கு எழும் கேள்வி.

6. பாதுகாப்பு விரிவாக்கங்கள்

6.1 பேக்நெட்/எஸ்.சி.

2019-இல் வெளிவந்த இவ்வடிவம் பழைய முயற்சிகளைப் போலத் தனிக் குறியாக்கத்தைக் கண்டுபிடிக்கப் போகவில்லை. வங்கி இணையதளங்கள் பயன்படுத்தும் டி.எல்.எஸ். 1.3-ஐயும் வெப்சாக்கெட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டது. நடுவே ஒரு ‘ஹப்’. அது விழுந்தால் ஏற்க மாற்று ஹப். ஒவ்வொரு கருவியும் தானே ஹப்பைத் தேடிச் சென்று இணையும்; இரு தரப்பும் சான்றிதழைக் காட்ட வேண்டும். அச்சான்றிதழ்களில் அந்தக் கட்டடத்தின் சான்றளிப்பு மையம் கையொப்பமிட்டிருக்க வேண்டும். பி.பி.எம்.டி. தேவையற்றுப் போகிறது. தகவல் தொழில்நுட்பத் துறையினருக்குப் பழகிய வடிவம் என்பதால் ஃபயர்வாலில் அனுமதி வாங்குவதும் எளிது. மேலே சொன்ன 23 பைட் செய்தியை வெளியாள் அனுப்ப இனி வழியில்லை.

6.2 கே.என்.எக்ஸ். செக்யூர்

கே.என்.எக்ஸ். இரண்டு அடுக்காகப் பிரித்துக்கொண்டது. ஐ.பி. பகுதிக்கு ‘ஐ.பி. செக்யூர்’, இது ஐ.எஸ்.ஓ. 22510 ஆகியுள்ளது. கம்பிக்கும் சேர்த்து ‘டேட்டா செக்யூர்’. இதில் பொத்தானிலிருந்து விளக்கு வரை ஒவ்வொரு செய்தியும் ஏ.இ.எஸ்.-128 குறியாக்கத்தோடும் வரிசை எண்ணோடும் போகிறது. பழைய செய்தியைப் பதிவு செய்து மீண்டும் அனுப்பினால் வரிசை எண் காட்டிக்கொடுத்துவிடும். கருவியின் தொடக்கச் சாவி அதன்மேல் ஒட்டிய சீட்டில் அச்சாகியிருக்கும். பொறியாளர் ஈ.டி.எஸ். மென்பொருளில் அதைப் பதிந்ததும், மென்பொருள் புதிய சாவியை வைத்துவிடும்.

6.3 ஒப்பீடு

இரண்டும் ஒரே நோய்க்கு வந்த மருந்தென்றாலும் தொடும் இடம் வேறு. பேக்நெட்/எஸ்.சி. பாதையைக் காக்கிறது. கருவிக்கும் ஹப்புக்கும் இடையே குறியாக்கம் உண்டு. ஹப்புக்குள் செய்தி வெளிப்படையாகிறது, மறுபடி மூடப்பட்டுப் போகிறது. ஹப் கைப்பற்றப்பட்டால் எல்லாம் போயிற்று. கே.என்.எக்ஸ். டேட்டா செக்யூர் செய்தியையே காக்கிறது; இடையிலுள்ள ரூட்டர் அதைப் படிக்க முடியாது. மேலும் அதில் ஒவ்வொரு குழு முகவரிக்கும் தனிச் சாவி இருப்பதால், விளக்குக் குழுவின் சாவி பெற்ற கருவி கதவுக் குழுவுக்கு ஆணையிட முடியாது. எளிய அளவிலேனும் ‘யார் எதைச் செய்யலாம்’ என்ற வரையறை அங்கே உள்ளது. 2019-இல் வந்த பேக்நெட்/எஸ்.சி.யில் அது இல்லை. சான்றிதழ் பெற்ற எந்தக் கருவியும் எந்தப் பொருளிலும் எந்த முன்னுரிமையிலும் எழுதலாம். மறுபுறம், பல ஆயிரம் கருவிகள் கொண்ட வளாகத்தை நிர்வகிக்க பேக்நெட்டின் சான்றிதழ் முறை ஏற்றது, கே.என்.எக்ஸ். முறையில் எல்லாச் சாவிகளும் ஒரே திட்டக் கோப்பில் குவிகின்றன.

7. எஞ்சும் இடைவெளிகள்

முதல் இடைவெளி பழைய கம்பி. பேக்நெட்/எஸ்.சி. ரூட்டருக்குக் கீழே எம்.எஸ்./டி.பி. எனப்படும் ஆர்.எஸ்.-485 கம்பியில் பழைய கன்ட்ரோலர்கள் தொடர்ந்தால், அந்தப் பகுதியில் செய்தி பழையபடி வெளிப்படையாகவே போகும். மேல்மாடிக்குப் பூட்டு, கீழ்மாடி திறப்பு.

இரண்டாவது, சான்றிதழின் காலம். காலாவதியான சான்றிதழுடன் வரும் கருவியை ஹப் ஏற்காது. காலாவதியா என்று பார்க்கக் கருவிக்குச் சரியான கடிகாரம் வேண்டும். மின்தடைக்குப் பின் கடிகாரம் பிசகிய கன்ட்ரோலர் வலையமைப்புக்குத் திரும்ப முடியாமல் நிற்கலாம். சான்றிதழைப் புதுப்பிப்பது யார் வேலை என்பது பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால், தாக்குபவர் இல்லாமலேயே ஒரு நாள் வலையமைப்பு நிற்கும்.

மூன்றாவது, சாவியின் உரிமை. கட்டடத்தை ஒப்படைக்கும் நாளில் அமைப்பை நிறுவிய நிறுவனம் வரைபடங்களைத் தருகிறது. சான்றளிப்பு மையத்தின் தனிச்சாவியையும் ஈ.டி.எஸ். திட்டக் கோப்பையும் தருவதில்லை, உரிமையாளரும் கேட்பதில்லை. அந்த நிறுவனம் மூடப்பட்டாலோ, ஒப்பந்தம் கைமாறினாலோ, ஒரு புதிய சென்சாரைக்கூடச் சேர்க்க முடியாது. 1987-இல் எந்தப் பிடியிலிருந்து விடுபடக் குழு கூடியதோ, அதே பிடி குறியாக்கத்தின் பெயரில் திரும்பி வரக்கூடும்.

8. பரிந்துரைகள்

(1) இணையத்திலிருந்து 47808, 3671, மோட்பஸுக்குரிய 502 ஆகிய போர்ட்டுகளுக்கு வரும் வழியை முழுமையாக அடைக்க வேண்டும். தொலைதூரப் பராமரிப்பு, இருபடிச் சரிபார்ப்புள்ள வி.பி.என். வழியாக மட்டும், கேட்ட நேரத்தில் திறந்து முடிந்ததும் மூடப்பட வேண்டும். சிட்னியும் ஜெர்மனியும் இந்த ஒரு படியிலேயே தவிர்க்கப்பட்டிருக்கும்.

(2) ஐ.இ.சி. 62443 தரநிலை சொல்லும் ‘மண்டலம், இடைவழி’ முறைப்படி பிரிக்க வேண்டும். விருந்தினர் வை-ஃபை, கண்காணிப்புக் கேமரா, குளிர்சாதனம், நுழைவுக் கதவு, தீயணைப்பு ஆகியவை தனித்தனி மண்டலங்கள். தீயணைப்பு மண்டலத்துக்குச் செல்லும் இடைவழியில் படிக்க மட்டுமே அனுமதி.

(3) உயிர்காப்பு மண்டலத்துக்கு வெளியிலிருந்து முன்னுரிமை 1, 2 ஆகிய படிகளில் வரும் எழுத்தாணைகளைத் தடுக்கவோ, குறைந்தது எச்சரிக்கை எழுப்பவோ வேண்டும். பேக்நெட் செய்தியைப் பிரித்துப் படிக்கும் கண்காணிப்புக் கருவிகளுக்கு இது எளிய விதி.

(4) பழைய கே.என்.எக்ஸ். கட்டடங்களில் பி.சி.யு. சாவியை உரிமையாளரே வைத்து, எழுத்தில் பதிந்து காக்க வேண்டும்.

(5) புதிய ஒப்பந்தப்புள்ளிகளில் பேக்நெட்/எஸ்.சி. அல்லது கே.என்.எக்ஸ். செக்யூர் கட்டாயம் என்பதோடு, சாவிகளும் சான்றளிப்பு மையமும் திட்டக் கோப்பும் ஒப்படைப்பு நாளில் உரிமையாளருக்கு வர வேண்டும் என்ற விதியையும் எழுத வேண்டும்.

(6) வலையமைப்பு முழுவதும் விழுந்தாலும் சில்லரையும் விசிறியையும் கையால் இயக்கும் பழக்கம் பணியாளர்களுக்கு இருக்க வேண்டும். பலகையில் கை–தானியங்கி சுவிட்சை நீக்கிச் செலவு மிச்சம் பிடிப்பது தவறு.

(7) இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைப்படி, இயக்கத் தொழில்நுட்ப அமைப்புகள்மீதான தாக்குதலும் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டியவற்றுள் ஒன்று. பி.எம்.எஸ். அறையில் இரவுப் பணியில் இருப்பவருக்கு, யாரிடம் சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருந்தால்தான் அந்த ஆறு மணி நேரம் போதும்.

9. முடிவுரை

எல்லோரும் எல்லோருடனும் பேச வேண்டும் என்பதற்காகவே இந்நெறிமுறைகள் காவலின்றிப் பிறந்தன. முறுக்குக் கம்பிக் காலத்தில் அது பிழையாக இருக்கவில்லை. ஐ.பி.க்கு மாறியபோது காவலையும் சேர்த்து மாற்றாததே பிழை. அதைத் திருத்தத் தரநிலைக் குழுக்களுக்கு இருபது ஆண்டுகள் ஆயின. இன்று குறியாக்கம் கிடைக்கிறது, விலைக்கும் வாங்கலாம். அதிகார வரையறையில் பேக்நெட் இன்னும் முன்னேற வேண்டும்; அதுவரை மண்டலப் பிரிவே அந்த வேலையைச் செய்தாக வேண்டும். ஆராய்ந்த நிகழ்வுகள் ஒன்றில்கூட வலிய குறியாக்கம் எதுவும் உடைக்கப்படவில்லை. திறந்த போர்ட், போடாத திருத்தம், வைக்காத சாவி, கண்காணிக்காத ஆள் ஆகியவையே காரணம். ஆகவே கட்டடத்தின் சாவி இன்று யாரிடம் இருக்கிறது என்று உரிமையாளரிடம் கேட்பதே எந்தப் பாதுகாப்புத் தணிக்கைக்கும் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அதற்கு எழுத்தில் பதில் இல்லாத கட்டடம், எந்த நெறிமுறையைப் பொருத்தியிருந்தாலும், பாதுகாப்பற்றதே.